சீசன் முடியும்வரை பூ வேண்டாம்

அண்ணனின் முதலாம் ஆண்டு திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். உங்கள் கையிலிருந்த மாலைகளைக் கேட்டிலேயே வாங்கி, வெளியே வேப்பமரத்தடியில் வைத்ததற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணனின் படத்துக்கு முன்னால் விளக்கு மட்டும்தான் எரிகிறது. ஊதுவத்தி இல்லை, சாம்பிராணி இல்லை, ஒரு முழம் பூ இல்லை. "செத்தவனுக்கு ஒரு பூ கூடவா கெடைக்கல?" என்று நீங்கள் பக்கத்திலிருப்பவர் காதில் சொல்வது எனக்குக் கேட்காமலே தெரியும்.

இந்தக் கேள்விக்கும் இதைவிடப் பெரிய இன்னொரு கேள்விக்கும் போன வருடம் முழுக்க ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. புருஷன் போன பிறகு அண்ணி எப்படித் தலையில் பூ வைக்கலாம் என்பதுதான் அந்தப் பெரிய கேள்வி. உங்களில் சிலர் அதற்காகவே எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினீர்கள். இனி என்னால் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்க முடியாது, முட்டி வலிக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து இந்த நினைவு மலரிலேயே எழுதிவிடுகிறேன். உட்கார்ந்து படித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அண்ணன் பிறந்தது கடம்பத்தூர் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கத்தில். எங்கள் நைனா அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர். கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைகள் வந்தபோது அங்கே சுமை தூக்கப் போனார். அம்மா எங்களை விட்டு சீக்கிரமே போய்விட்டார். எனக்குத் தலை வாரி, இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியது அண்ணன்தான். பின்னல் ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கும், அழுதுகொண்டே போவேன். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துவிட்டு, புதுவாயலுக்குப் பக்கத்தில் மருந்துக் கம்பெனிகளுக்கு ஸ்பிரிட் வடித்துக் கொடுக்கும் சிறிய ஆலை ஒன்றில் குழாய் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தார். நீங்கள் இன்று உட்கார்ந்திருப்பது அந்த ஆலையின் முற்றத்தில்தான், அண்ணன் வீடும் இதற்குள்தான். அப்போது அதன் முதலாளியாக இருந்தவர் அண்ணியின் தகப்பனார்.

நடுவில் சில வருடங்கள் அண்ணன் பிரான்ஸில் இருந்தார். பாண்டிச்சேரி நண்பர் ஒருவரின் மாமா அங்கே இருந்தார், அவர் மூலம் திராட்சை அறுவடைக் கூலியாகப் போனார். "ஃபாரின்ல கீறாரு" என்று நீங்கள் எல்லோரும் பெருமையாகச் சொன்னீர்கள். அவர் அங்கே குளிரில் விரல் வெடித்துக் கிடந்ததை எனக்கு மட்டும்தான் போனில் சொன்னார். ஒரு கிழவரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பிராந்தி வடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவர்களுடைய செம்புக் கொப்பரையின் குழாய் விட்டுப்போக, அண்ணன் அதை ஒட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர்களோடேயே தங்கிவிட்டார். வேலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, அண்ணியைத் திருமணம் செய்துகொண்டு, மாமனாரின் ஆலையில் அதே மாதிரிக் கொப்பரையை வைத்தார்.

பிராந்தி என்றால் உங்களில் பலருக்குக் கடையில் விற்கும் குவார்ட்டர்தான் தெரியும். கரும்புக் கழிவுப்பாகில் ஸ்பிரிட் எடுத்து, கருக்கிய சர்க்கரையைக் கலந்து நிறம் ஏற்றி விற்பதும் பிராந்திதான். அண்ணன் திராட்சையைத் தவிர எதையும் தொட்டவரில்லை. மாசி பிறந்ததும் மகாராஷ்டிரத்திலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகப் பழ லாரிகள் வரும். இனிப்பு ஏறிய பழத்தை அண்ணன் வேண்டாம் என்பார், புளிப்பு நிற்க வேண்டும். விதை உடையாமல் மெல்லப் பிழிய வேண்டும். சாறு தொட்டியில் நொதித்து ஒயினாகும். அதைக் குடித்துப் பார்த்தால் முகம் கோணிப் போகும். கெடாமலிருக்க அதில் மருந்து போடக் கூடாது, போட்டால் அந்த வாடை வடிப்பில் திரண்டு வந்து நிற்கும். மருந்து போடாததால் அந்த ஒயின் யாருக்காகவும் காத்திருக்காது. நம்மூர் பங்குனி வெயிலில் சும்மா விட்டால் சில நாளில் புளித்துக் காடியாகிவிடும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒயினைக் கொப்பரையில் ஊற்றி இரண்டு தடவை வடிக்க வேண்டும். முதல் வடிப்பில் கலங்கலாக, வீரியமில்லாமல் வரும். அதைத் திரும்ப ஊற்றிச் சிறு தீயில் வடிக்கும்போதுதான் வேலையே இருக்கிறது. அப்போது முதலில் சொட்டுவது தலை. நெயில் பாலிஷ் மாதிரி மூக்கைக் குத்தும். கடைசியில் வருவது வால், நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும். நடுவில் வருவதை அண்ணன் நெஞ்சு என்பார். அந்தக் கிழவர் தம் மொழியில் சொன்னதை அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டார். பீப்பாய்க்குப் போவது அந்த நெஞ்சு மட்டும்தான். தலை எங்கே முடிகிறது, நெஞ்சு எங்கே தொடங்குகிறது என்பதைக் கருவி ஓரளவுக்குத்தான் சொல்லும், மிச்சத்தை மூக்குதான் சொல்ல வேண்டும். குழாயில் சொட்டுவதை உள்ளங்கையில் ஏந்தி, இரண்டு கையையும் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்வார் அண்ணன். கொஞ்சம் முந்தினால் காரம் பீப்பாய்க்குள் போய்விடும், பிந்தினால் நல்ல சரக்கு வீண்.

அப்புறம் ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்க வேண்டும். நிறமும் மணமும் அந்த மரம் கொடுப்பது. கிடக்கிற காலத்தில் பீப்பாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். தேவதைகள் குடிக்கிறார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்களாம். "அங்க குளுரு, தேவதைங்க ஒரு சிப்பு வெச்சிட்டு பூடுதுங்க. நம்ம ஊரு வெயிலுக்கு அண்டாவ தூக்கி வெச்சினு குடிக்குதுங்க" என்று அண்ணன் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் பீப்பாயைத் திறந்து பார்க்கிற ஒவ்வொரு முறையும் முகம் வாடிவிடும். கடைசியில் பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து பீப்பாயோடு வாங்கிப்போய்த் தங்கள் சரக்கில் கலந்துகொள்வார்கள். எங்கள் பெயர் எந்த பாட்டிலிலும் கிடையாது. பெயர் எங்கே இருந்தது என்றால், என்னைப் பெண் கேட்டு வந்தவர்களின் வாயில் இருந்தது. சாராயக்காரன் தங்கச்சி என்று எத்தனையோ பேர் எழுந்து போனார்கள். அவர்களில் சிலரே தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு "ரெண்டு பாட்டில் சும்மா கெடைக்குமா?" என்று கேட்டு வந்ததையும் பார்த்தாயிற்று.

இப்போது பூவுக்கு வருகிறேன். மூக்கை நம்பிச் செய்கிற வேலை என்பதால் வடிப்புக் காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பூ கிடையாது, ஊதுவத்தி கிடையாது, வாசனைச் சோப்பு, பவுடர், தேங்காய் எண்ணெய் கிடையாது. பூண்டு உரிக்கக் கூடாது. பழவேற்காட்டிலிருந்து கருவாடு கொண்டுவரும் அம்மாவைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் காவல் என்னுடையது. கல்யாணமாகி மணவாள நகருக்குப் போன பிறகும் வருடா வருடம் சீசனுக்கு இங்கே வந்து கேட்டில் நிற்பேன். வருகிறவர்களை முகர்ந்து பார்த்து உள்ளே விடுவதால் எனக்கு மோப்ப நாய் என்று பெயர் வைத்தீர்கள். தெரியும், எல்லாம் தெரியும்.

சட்டம் அண்ணன் பிரான்ஸில் அந்தக் கிழவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. "சீசன் வந்தா அந்தம்மா சென்ட் பாட்டில எடுத்து புருஷன் கையில குடுத்துடும். கொப்பரை ஆறுன அன்னிக்கு அந்தாளே எடுத்தாந்து அது கையில குடுப்பாரு. அதுக்கு அப்புறம்தான் ரெண்டு பேரும் சாப்புடவே உக்காருவாங்கோ" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் அண்ணிக்கு சென்ட் பழக்கமில்லை, மல்லிகைதான் உயிர். ஆகவே கடைசி வடிப்பு முடிந்து கொப்பரை ஆறியதும் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு புதுவாயல் கூட்ரோட்டுக்குப் போய், பூக்காரம்மாவிடம் மல்லிகை வாங்கி வந்து அண்ணியிடம் கொடுப்பார். கல்யாணமான வருடத்திலிருந்து இது தப்பியதில்லை.

உங்களுக்கு இது தெரியாது. நீங்கள் பார்த்ததெல்லாம், பங்குனி முகூர்த்தத்தில் அண்ணி பூவில்லாமல் வெறும் தலையோடு வந்து நின்றதைத்தான். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்றீர்கள். "பொண்டாட்டிய ஒரு பூ கூட வெக்க உடமாட்டேன்றான்" என்றீர்கள். பிள்ளையில்லாத குறை என்றும் சிலர் சொன்னீர்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அண்ணி ஒருவருக்கும் பதில் சொன்னதில்லை. வாழை இலையில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறி வந்துவிடுவார்.

அண்ணனுக்கு ஈரல் கெட்டுப் போனது. அதைக் கேட்டதும் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் சிறு வயதில் வந்த காமாலை உள்ளேயே தங்கி அரித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அண்ணன் வாழ்நாளில் ஒரு மடக்குகூட விழுங்கியவரில்லை. வாயில் வைப்பார், துப்புவார், வாயைக் கொப்பளிப்பார். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களுக்குச் சொல்ல என்னிடம் தெம்பில்லை.

போன வருடம் சீசன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஒயின் தொட்டி தொட்டியாக நிற்கிறது. அண்ணி கொப்பரையைப் பார்த்துக்கொண்டார். ஆலைக்காரர் மகள், சின்ன வயதிலிருந்து ஸ்பிரிட் வாடையில் வளர்ந்தவர், அண்ணனின் பக்கத்தில் நின்று எத்தனையோ சீசன் பார்த்தவர். இருந்தாலும் பயந்தார். ஒருநாள் வடித்த கையைக் கழுவாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். சின்ன பாட்டிலில் கொண்டுவந்த சில சொட்டுகளை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து அண்ணன் முகத்தருகே நீட்டினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

"தலைய இன்னும் கொஞ்சம் உட்டுட்டு புடிச்சிருக்கலாம்" என்றார்.

"கெட்டுப்போச்சா?" என்று அண்ணி கேட்டார்.

"கெடல. நாளைக்கு இன்னும் கொஞ்சம் பொறுத்துப் புடி. உன் மூக்கு சரியாத்தான் கீது, நீதான் அவசரப்படற."

அண்ணி மருந்து வாங்கப் போனதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "சீசன் முடியற அன்னிக்கு பூ வாங்கினு போய் அவ கிட்ட குடு. நான் இருந்தாலும் சரி, இல்லாங்காட்டியும் சரி. மறந்துடப்போற" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. சில நாளில், காலை நேரத்தில், அண்ணி ஊட்டிய கஞ்சியை வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

சொந்த வீடு இங்கே இருக்கும்போது அவரை ஏன் மணவாள நகரில் என் வீட்டில் கிடத்தினோம் என்று கேட்டீர்கள். மாலையும் ரோஜாவும் ஊதுவத்தியும் இங்கே வந்தால் வடிப்பு நின்றுபோகும். அதனால்தான். அண்ணிதான் அப்படிச் சொன்னார். அன்று ஒருநாள் முழுக்க எங்கள் கொதிகலன்காரர் துலுக்காணம் முதல் வடிப்பை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார், அதற்கு மூக்கு அவ்வளவாகத் தேவையில்லை. எல்லாம் முடிந்ததும் அண்ணி என் வீட்டுக் கிணற்றடியில் வெறும் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு புதுவாயலுக்குக் கிளம்பினார். கண்ணீர்கூட விடவில்லை, கல்நெஞ்சக்காரி என்று நீங்கள் பேசியது என் காதில் விழுந்தது. அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளும். பஸ்ஸில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொன்னார். "அப்பறமா அழுதுக்கறேன், இப்ப வேணாம்" என்றார்.

கருமாதிக்கு முதல் நாள் நடந்ததை உங்களில் பலர் பலவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்தது இதுதான். நைனாவின் அக்கா, எங்கள் பெரியத்தை, வழக்கப்படி அண்ணிக்குக் கடைசியாகப் பூவும் வளையலும் போட்டுப் பார்த்து மறுநாள் எடுப்பதற்காக, பெண்களைக் கூட்டிக்கொண்டு வேனில் வந்து இறங்கினார். இடுப்பில் ஒரு பெரிய மூங்கில் கூடை. ஈரத்துணி போட்டு மூடியிருந்தார், ஆனாலும் மல்லிகை, கதம்ப வாசனை தெருவையே தூக்கியது. நான் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன், பெரியத்தையை நிறுத்தக் கை வரவில்லை. உள்ளே ஓடிப்போய் அண்ணியைக் கூட்டிவந்தேன். அண்ணி கேட்டைத் திறக்காமல் உள்ளேயே நின்றார்.

"சீசன் நடக்குது அத்தை. பூ உள்ள வரக்கூடாது."

"புருஷன் பூட்டான், இன்னாடி சீசன் உனுக்கு? சாத்திரம் சம்பரதாயம்னு ஒண்ணும் கெடையாதா?"

"கீது அத்தை. அவரு வாங்கிப் போட்ட பழம் உள்ள ஒயினா நிக்குது. இந்த வாசனை மூக்குல ஏறிடுச்சின்னா எனுக்கு தலையும் தெரியாது, வாலும் தெரியாது. அத்தினியும் காடியாப் பூடும். காத்து வேற இப்டி அடிக்குது, கொஞ்சம் அந்தாண்ட நில்லுங்களேன்."

பெரியத்தை அந்தக் கோபத்திலும் இரண்டடி தள்ளித்தான் நின்றார். "வெச்சாத்தானடி எடுக்க முடியும்? வெக்காத பூவ நான் எங்கேந்து எடுக்கறது?" என்று கத்தினார்.

"அப்ப உட்டுடுங்க அத்தை" என்றார் அண்ணி. மிகவும் களைப்பாகச் சொன்னார். தாலியை அவரே கழற்றி அண்ணன் படத்துக்கு முன்னால் ஏற்கெனவே வைத்துவிட்டார், அதில் யாருக்கும் தகராறு இல்லை. பெரியத்தை எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கூடையோடு வேனில் ஏறினார். அன்றைக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. மறுநாள் பங்காளிகள் காரியத்தை ஆற்றங்கரையில் முடித்தார்கள், அண்ணியின் பூவை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

சீசன் முடிந்த நாள் மத்தியானம் கொப்பரையின் தீயை அணைத்தோம். நான் கூட்ரோட்டுக்கு நடந்தே போனேன். பூக்காரம்மா என்னைப் பார்த்ததும் "இன்னாம்மா, அவரு வர்ல?" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. சொன்னேன். பூவை அளந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு இலையில் சுருட்டிக் கொடுத்தார்.

வாங்கிவிட்டேனே தவிர, கேட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். தாலியறுத்த பெண்ணிடம் மல்லிகையை எப்படி நீட்டுவது? அண்ணன் சொன்னார் என்பது சரி. சொன்னவர் போய்விட்டார், நாளைக்கு உங்கள் எல்லோர் வாயிலும் விழப்போகிறவர் அண்ணி. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். உடம்பு முழுக்க அலுப்பு. அப்படியே கேட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அண்ணி குழாயை மூடி, கொப்பரையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி வந்தார். நான் இருக்குமிடம் வருவதற்கு முன்பே நின்றார். இரண்டு மாதம் பூவைத் தொடாத மூக்கு, தெரியாமலா போகும்?

"வாங்கினு வந்துட்டியா?" என்றார். "அவரு சொல்லினு பூட்டாரா?"

"ஆமா அண்ணி."

"அப்ப இன்னாத்துக்கு அங்கயே குந்திக்கினு கீற? கொண்டா."

வாங்கிய பூவை முகத்தில் புதைத்துக்கொண்டு அங்கேயே, கேட்டில், வெயிலில் நின்று அழுதார். அவ்வளவு நாள் தள்ளிப்போட்டு வைத்திருந்த அழுகை. ரோட்டில் போகிற கம்பெனி பஸ்ஸிலிருந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அழுது முடித்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டார். பின்னால் சரியாக நிற்கவில்லை, நான்தான் ஊசி குத்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அன்றிலிருந்து இந்த மாசி பிறக்கும்வரை அண்ணி தினமும் பூ வைத்திருந்தார். இப்போது மறுபடியும் சீசன், பூவை எடுத்துவிட்டார். அண்ணனுக்கும் அதே சட்டம்தான். திதி சீசன் நடுவில் வந்ததற்கு யார் என்ன செய்வது?

அண்ணனுக்கு மருத்துவம் பார்த்த டாக்டருக்கும், முகம் சுளிக்காமல் துணி மாற்றிய நர்ஸம்மாக்களுக்கும், அழுதுகொண்டே கொதிகலனை ஓட்டிய துலுக்காணத்துக்கும், காரியத்தை முன்னின்று நடத்திய பங்காளிகளுக்கும், அன்று என் வீட்டு வாசலில் பந்தல் போட்ட மணவாள நகர் அக்கம்பக்கத்தாருக்கும், புதுவாயல் பூக்காரம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு சொல்ல எனக்கு வரவில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெரியத்தை இன்று வந்திருக்கிறாரோ இல்லையோ, இந்த நினைவு மலர் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். பெரியத்தை, நன்றி சொல்வதென்றால் உங்களுக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு இருந்த கோபத்துக்கு அந்தக் கூடையை நீங்கள் கேட்டிலேயே கவிழ்த்துவிட்டுப் போயிருக்கலாம். துணியை விலக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போனீர்கள். தொட்டியில் இன்னும் கொஞ்சம்தான் ஒயின் இருக்கிறது. கொப்பரை ஆறியதும் சொல்லி அனுப்புகிறேன். அண்ணன் படத்துக்கு ஒரு மாலையோடு, அதே கூடை நிறையப் பூ கொண்டு வாருங்கள். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். அண்ணன் இருந்திருந்தால் அவர் போய் வாங்கி வந்திருப்பார். இந்த வருடம் அண்ணி தலையில் நீங்கள் வைத்துவிடுங்கள்.

தங்கை,
மணவாள நகர்